இடது பாதி

துடைக்காதீர்கள்.
முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.
கைலி நுனியால், முந்தானையால்,
வாய்வைத்து ஊதி, எதனாலும் வேண்டாம்.
கீழக்கரையில் தூசி தனியாக வருவதில்லை,
உப்பைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.
தேய்த்தால் வில்லையில் கோடு விழும்,
அப்புறம் ஆயுசுக்கும் போகாது.

கச்சான் காற்று அடித்த ஒரு மத்தியானம்
சேகு மதார் காக்கா துணிப்பையோடு வந்தார்.
என்னை டாக்டரம்மா என்பார்.
நான் கண்ணுக்குப் பவர் பார்த்து
கண்ணாடி மாட்டுகிறவள், அவ்வளவுதான்.
"இதுக்குப் பவர் போயிட்டுது,
பார்த்துத் தாங்க" என்றார்.

இரட்டைப் படம் பார்க்கும் பெட்டி.
இரண்டு வில்லை, நடுவே ஒரு தடுப்பு,
முகத்தில் பொருந்த வெல்வெட் வைத்த தகரக்கூடு,
முன்னும் பின்னும் நகரும் கம்பிச் சட்டம்.
அவர் வாப்பா கொழும்பில் ஏலத்தில் எடுத்தது.
பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி
அலமாரிக்கு மேலே வைத்திருந்தார்களாம்.
நம்மைப் போலத்தான், மூடிக் கட்டினால் வேர்க்கும்.

வில்லைக்குள் சிலந்தி இழைபோலப் பூஞ்சணம்.
திருகாணிகளில் பச்சைக் களிம்பு.
வெல்வெட்டுக்குள் குடித்தனம் நடத்திய
வெள்ளிப்பூச்சிகளைத் தூரிகையால் வெளியேற்றினேன்.
பக்கத்துச் செருப்புக்கடை அப்துல் கனி
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப்
பை நிறையச் சேர்த்துத் தந்தார்.
ஆறு நாள் டப்பாவுக்குள் அவற்றோடு உறங்கியது பெட்டி.
ஏழாம் நாள் வெயில்படட்டும் என்று
ஜன்னலில் வைத்தது என் தப்பு.
பில் புத்தகத்தில் சீரகம் அளவு ஓட்டை,
ஓரத்தில் புகை.
வெயிலை வில்லைக்குக் காட்டவே கூடாது.
இது இப்போது எனக்குத் தெரியும்.

"படத்தைப் போடுங்க காக்கா, பார்ப்போம்."
ஆல்பத்தைத் திறந்தார்.
ஐம்பத்திரண்டு படம், ஒவ்வொன்றும் ஒற்றை.
சட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.
இடது கண்ணில் பாய்க்கப்பல்,
வலது கண்ணில் என் கடைச் சுவர்.

மற்ற பாதி எங்கே?

"பங்கு பிரிச்சோம்" என்றார்.
வாப்பா மவுத்தான வருஷம்
வீடு, வல்லம், பெரியபட்டினத்துத் தோப்பு,
எல்லாம் முடிந்து கடைசியில் இது.
"ஒரே படத்தை ரெண்டு தடவை ஒட்டியிருக்கான்.
ஆளுக்கு ஒண்ணு, நியாயம்தானே?"
மச்சான்தான் கத்தரிக்கோல் பிடித்தாராம்.
நேராக வெட்டியிருக்கிறார், குறை சொல்ல முடியாது.
வலது பாதியெல்லாம்
தம்பி ஜபருல்லாவோடு தொண்டிக்குப் போனது.
பெட்டி இவருக்கு.

ஒரே படம் இல்லை காக்கா.
இது இடது கண் கண்டது, அது வலது கண் கண்டது.
இதில் கொடிமரத்தை உரசி நிற்கிற கயிறு
அதில் ஒரு நூல் தள்ளி நிற்கும்.
அந்த ஒரு நூல்தான் கடலுக்கு ஆழம் தருவது.

அவர் ஆல்பத்தை மூடினார்.
உப்புக்கும் பூச்சிக்கும் என்னிடம் வழி இருந்தது.

பத்து நாள் கழித்து
இரண்டு பஸ் மாறி ஒரு உறை வந்தது.
உள்ளே ஒரே ஒரு பாதி, பாய்க்கப்பல்.
பின்னால் பென்சிலில்:
பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.

ஒட்டவில்லை. பசை மஞ்சளாகிப் படத்தைத் தின்னும்.
கெட்டி அட்டையில் மூலைக்கு மூலை கீறி
இரண்டையும் செருகினேன்.
ஒரு மயிரிழை தள்ளினாலும் தலை வலிக்கும்,
நாலு தடவை சரிசெய்தேன்.

காக்கா முகத்தைப் பொருத்தினார்.
சட்டத்தை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார்,
பிறகு நிறுத்தினார்.
இடது கை தானாக எழும்பி
கப்பலுக்கு முன்னால்
காற்றில் எதையோ தொடப் போனது.
வாடிக்கையாளர் இருவர் காத்திருந்தார்கள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் வலது பாதி திரும்பிப் போனது.
அடுத்த வாரம் வேறொன்று வந்தது, பனிமலை.
இந்தத் தடவை பின்னால் பென்சில் எழுத்து இல்லை.

பெட்டியை எப்போது தருவீர்கள் என்று
காக்கா வீட்டிலிருந்து ஆள் வந்தது.
வேலை முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.
இன்னும் ஐம்பது இருக்கிறது.